பூட்டியவரே திறக்கட்டும்

விலை பெற்றுக்கொண்டு கொடுத்த பொருளைப் பத்தாண்டு கழித்து விற்றவரே வந்து எடுத்துச் சென்றால், ஊரார் அதை என்ன பெயரிட்டு அழைப்பார்கள் என்பதில் ஐயமில்லை. கணினி விளையாட்டு வணிகத்தில் மட்டும் அது ஒப்பந்தப்படி நடந்த செயல். யூபிசாஃப்ட் நிறுவனம் 2014 டிசம்பரில் ‘தி க்ரூ’ என்னும் கார்ப் பந்தய விளையாட்டை வெளியிட்டது. அதன் கதைப் பகுதியைத் தனியொருவராகவே ஆடி முடிக்கலாம். ஆயினும் நிறுவனத்தின் சர்வருடன் தொடர்பில்லாமல் அது இயங்காது. 2024 மார்ச் 31 அன்று அந்தச் சர்வர் நிறுத்தப்பட்டது. அதையடுத்து வாங்கியவர்களின் கணக்குகளிலிருந்து உரிமமும் நீக்கப்பட்டது. கலிபோர்னியாவில் இது வழக்காகியபோது நிறுவனத் தரப்பு முன்வைத்த வாதம் எளியது: விற்கப்பட்டது விளையாட்டு அன்று, அதை ஆடுவதற்கான அனுமதி மட்டுமே.

இத்தகைய செய்திகளைப் பொழுதுபோக்குப் பிரியர்களின் புலம்பல் என்று கல்விப்புலம் ஒதுக்கிவிடுகிறது. அது பிழையான கணிப்பு. நகல் தடுப்புப் பூட்டு தரும் எரிச்சல் வாங்கியவரோடு முடிந்துவிடும். அது செய்யும் தீங்கு அவரோடு முடிவதில்லை. பதிப்புரிமை என்பது ஒரு பேரம். படைத்தவருக்குச் சமூகம் ஒரு குறித்த காலத்துக்குத் தனியுரிமை அளிக்கிறது. காலம் முடிந்ததும் படைப்பு பொதுச் சொத்தாகிறது. பூட்டு இந்தப் பேரத்தின் முதற்பாதியை மட்டும் வைத்துக்கொண்டு மறுபாதியைக் கிழித்தெறிகிறது. பூட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு அளிக்கும் அரசு, அதைத் திறந்துவிடும் கடமையையும் பூட்டியவர் மீதே சுமத்த வேண்டும்.

தொடக்கத்தில் பூட்டு எளியதாகவே இருந்தது. 1980களில் பல விளையாட்டுகள் தொடங்கும்போது, கையேட்டின் இன்ன பக்கத்தில் உள்ள சொல் எது என்று கேட்கும். கையேடு வைத்திருப்பவர் ஆடலாம். குறுவட்டுக் காலத்தில் சேஃப்டிஸ்க், செக்யூரோம் போன்ற மென்பொருள்கள் அசல் வட்டு கணினிக்குள் இருக்கிறதா என்று சோதித்தன. இவ்விரு முறைகளிலும் திறவுகோல் வாங்கியவர் கையில் இருந்தது. இணையம் பரவிய பிறகு திறவுகோல் நிறுவனத்தின் சர்வருக்கு இடம்பெயர்ந்தது. இன்றைய சிக்கல்கள் பெரும்பாலும் அந்த இடப்பெயர்ச்சியில் வேர்கொண்டவை.

2008 செப்டம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட ‘ஸ்போர்’ இதற்கு முதற்பெரும் சான்று. ஒருவர் வாங்கிய பிரதியை மூன்று முறை மட்டுமே ஆக்டிவேட் செய்யலாம் என்று வரம்பு விதிக்கப்பட்டது. கணினியை மாற்றுவோர், விண்டோஸை அடிக்கடி புதிதாக நிறுவுவோர் ஆகியோருக்கு அந்த வரம்பு விரைவில் தீர்ந்துவிடும். அமேசான் தளத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒற்றை நட்சத்திர மதிப்பீடு அளித்து எதிர்ப்பைப் பதிந்தனர். நிறுவனம் வரம்பை ஐந்தாக உயர்த்தியது. இத்தனைக்கும் நடுவே, பூட்டுடைத்த பிரதி வெளியீட்டு நாளுக்கு முன்னரே இணையத்தில் உலவியது. அவ்வாண்டில் மிகுதியாகத் திருட்டுப் பதிவிறக்கம் செய்யப்பட்ட விளையாட்டுகளுள் ஸ்போரும் ஒன்று. திருடியவருக்கு வரம்பில்லை, விலை கொடுத்தவருக்கு மூன்று முறை. பூட்டின் அறவியல் முழுவதும் இந்த ஒரு கணக்கில் அடங்கிவிடுகிறது.

எப்போதும் இணையத் தொடர்பில் இருக்க வேண்டும் என்னும் நிபந்தனை அடுத்து வந்தது. 2010 மார்ச்சில் யூபிசாஃப்டின் உரிமச் சர்வர்கள் தாக்குதலுக்குள்ளானபோது, ‘அசாசின்ஸ் க்ரீட் 2’ வாங்கியவர்கள் தம் வீட்டில், தம் கணினியில், தனியே ஆடும் விளையாட்டை ஆட முடியாமல் தவித்தனர். 2013 மார்ச்சில் ‘சிம்சிட்டி’ வெளியானபோது சர்வர்கள் நெரிசலில் செயலிழந்தன. கணக்கீட்டின் ஒரு பகுதி தங்கள் சர்வர்களில் நடப்பதால் இணையத் தொடர்பு தவிர்க்க முடியாதது என்று நிறுவனம் விளக்கியது. தொடர்பில்லாமலும் நகரம் இயங்குவதை ஆர்வலர் ஒருவர் சில நாட்களிலேயே செய்து காட்டினார். ஓராண்டு கழித்து, 2014 மார்ச்சில், இணையமின்றி ஆடும் வசதியை நிறுவனமே வழங்கியது. தவிர்க்க முடியாதது என்று சொல்லப்பட்டது ஓர் அப்டேட்டில் தவிர்க்கப்பட்டது. மின்வெட்டும் விட்டுவிட்டு வரும் இணைப்பும் அன்றாடமாயிருக்கும் இந்தியச் சிற்றூர்களில் இந்த நிபந்தனை எத்தகைய வாடிக்கையாளரை வெளியே நிறுத்தும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை மறைத்துவிட்டுப் பேசுவது ஆய்வு நேர்மையாகாது. பல நூறு பேர் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கும் விளையாட்டின் வருவாயில் பெரும்பகுதி முதற்சில வாரங்களில் வருகிறது. அவ்வேளையில் திருட்டுப் பிரதி பரவினால் இழப்பு உண்மையானது. டெனுவோ என்னும் பூட்டைக் குறித்து வில்லியம் வோல்க்மன் 2024இல் வெளியிட்ட ஆய்வு இதை எண்களால் காட்டுகிறது: வெளியான உடனேயே பூட்டு உடைந்தால் வருவாயில் சராசரியாக 20 விழுக்காடு வரை இழப்பு நேர்கிறது. நிறுவனங்கள் இவ்வெண்ணை விரும்பி மேற்கோள் காட்டலாம். அதே ஆய்வின் மறுபாதியையும் அவர்கள் காட்ட வேண்டும்: பன்னிரண்டு வாரம் உடையாமல் நின்ற பிறகு பூட்டு உடைந்தால் சராசரி இழப்பு ஏறத்தாழ இல்லை. அப்படியானால் பதின்மூன்றாம் வாரத்திலிருந்து பூட்டு காப்பது எதை? 2016 மே மாதம் வந்த ‘டூம்’ விளையாட்டிலிருந்து டெனுவோ அவ்வாண்டு டிசம்பரிலேயே நீக்கப்பட்டது. நீக்குவது இயலாத செயல் அன்று. நீக்க வேண்டிய கட்டாயம்தான் இல்லை.

பூட்டே இல்லாமல் விற்றால் தொழில் அழியும் என்ற அச்சத்துக்கும் வரலாறு துணை நிற்கவில்லை. போலந்தின் சிடி ப்ராஜெக்ட் 2008இல் ஜிஓஜி என்னும் தளத்தைத் தொடங்கிப் பூட்டற்ற விளையாட்டுகளை விற்றது. 2015இல் வெளியான அதன் ‘தி விட்சர் 3’ முதல் நாளிலிருந்தே அங்கே பூட்டின்றிக் கிடைத்தது. 2023க்குள் அது எல்லா வடிவங்களிலும் சேர்த்து ஐந்து கோடிப் பிரதிகளைக் கடந்தது. ஒரு விளையாட்டின் வெற்றி பொது விதியாகிவிடாது என்பது மெய்யே. ஆனால், பூட்டின்றி உய்வில்லை என்னும் பொது விதியை மறுக்க ஒரு சான்று போதும்.

மெய்யான சேதம் காலத்தில் நிகழ்கிறது. பூட்டை உருவாக்கிய நிறுவனம் மறையலாம். அது சார்ந்திருந்த இயங்குதளம் மாறலாம். 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது பாதுகாப்புக் காரணங்களுக்காகச் சேஃப்டிஸ்க்கையும் செக்யூரோமின் பழைய வடிவங்களையும் மைக்ரோசாஃப்ட் ஏற்க மறுத்தது. அலமாரியில் பத்திரமாக இருந்த அசல் வட்டுகள் ஒரே நாளில் ஊமையாயின. வட்டு கெடவில்லை, விளையாட்டும் பழுதாகவில்லை. வாயிற்காவலன் இறந்ததால் வீடு பாழானது. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அந்நாட்டில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று சந்தையில் கிடைப்பதில்லை. இந்நிலைக்குப் பூட்டு மட்டுமே காரணம் அன்று. எனினும், சந்தை கைவிட்டதை மற்றவர் காப்பாற்ற முனையும்போது குறுக்கே நிற்பது பூட்டும் அதற்குக் காவல் நிற்கும் சட்டமும்தான். ஆய்வாளர்கள் நூலகத்துக்கு நேரில் செல்லாமல் தொலைவிலிருந்தே பழைய விளையாட்டுகளை அணுக அனுமதி கோரப்பட்டபோது, 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் அதை மறுத்தது.

சுவடியியல் பயின்றோர் இதன் பொருளை எளிதில் உணர்வர். எந்தப் பழந்தமிழ் நூலும் அதன் முதல் ஓலையால் பிழைத்ததில்லை. செல்லும் ஈரமும் தின்று தீர்க்குமுன் யாரோ ஒருவர் பெயர்த்தெழுதியதால் நூல் பிழைத்தது. பெயர்த்தெழுதுவதைக் குற்றமாக்கும் ஒரு தொழில்நுட்பம் ஏடுகளில் இருந்திருந்தால் சங்க இலக்கியம் என்று பேச இன்று ஒன்றும் எஞ்சியிராது. கணினி விளையாட்டுகளின் நிலை அதுவே. பூட்டுடைத்தவர்கள் விட்டுச்சென்ற திருட்டுப் பிரதிகளே பல விளையாட்டுகளுக்கு இயங்கும் ஒரே பிரதியாக எஞ்சும். நாளைய பண்பாட்டு வரலாற்றாசிரியர் தம் மூலச்சான்றைக் குற்றவாளியிடமிருந்து பெற வேண்டும் என்று இன்றைய வணிகம் தீர்மானித்திருக்கிறது.

இந்தியச் சட்டத்தின் நிலையோ விந்தையானது. 2012 திருத்தத்தால் பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. உரிமையை மீறும் நோக்கத்துடன் பூட்டை உடைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. சட்டம் தடுக்காத நோக்கங்களுக்காக உடைப்பது குற்றமாகாது. அமெரிக்கச் சட்டத்தைவிட இது தாராளமானது என்று பாராட்டுவோர் உண்டு. ஏட்டில் பாராட்டத்தக்கதே. ஆனால், அவ்வாறு உடைக்க ஒருவருக்கு மற்றொருவர் உதவினால், உதவி பெற்றவரின் பெயர், முகவரி, நோக்கம் அனைத்தையும் பதிந்து வைக்க வேண்டும் என்றும் அதே பிரிவு பணிக்கிறது. தாமே பூட்டுடைக்கும் திறன் எத்தனை வாசகருக்கு உண்டு? மென்பொருளுக்குக் காப்புப் பிரதி எடுக்க 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. பூட்டு அதை நடைமுறையில் ரத்து செய்கிறது. நாடாளுமன்றம் வழங்கிய உரிமையை ஒரு மென்பொருள் பறிக்கிறது; அதைத் தட்டிக்கேட்கும் விதி எதுவும் சட்டத்தில் இல்லை.

நூலகங்களின் நிலை இன்னும் மோசம். பொது நூலகம் ஒரு படைப்பை மின்வடிவில் பாதுகாக்கலாம் என்கிறது 52ஆம் பிரிவின் ஓர் உட்கூறு. நிபந்தனை: அப்படைப்பின் மின்வடிவமல்லாத பிரதி ஒன்று நூலகத்திடம் முன்பே இருக்க வேண்டும். பிறக்கும்போதே மின்வடிவில் பிறந்த விளையாட்டுக்கு அப்படியொரு பிரதி எங்கிருந்து வரும்? அச்சு நூல்களுக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கொல்கத்தாவின் தேசிய நூலகத்துக்கும் சென்னையின் கன்னிமாரா உள்ளிட்ட மூன்று நூலகங்களுக்கும் பதிப்பாளர் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். விளையாட்டு மென்பொருளுக்கு அத்தகைய கடமை இல்லை. இந்தியச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்றே வகைப்படுத்துகிறது. எழுத்தாளரின் ஆயுளுக்குப் பின்னும் அறுபதாண்டு நீளும் பாதுகாப்பு இலக்கியப் படைப்புக்கு உரியது. பத்தாண்டில் சாகடிக்கப்படும் ஒரு படைப்புக்கு முக்கால் நூற்றாண்டுக் காவல் எதற்கு? காலம் முடியும் நாளில் பொதுமக்கள் பெறப்போவது பிணத்தின் உரிமையை மட்டுமே.

சர்வர்களை என்றென்றும் நடத்தினால் செலவு தாங்காது என்று தொழில்துறை முறையிடுகிறது. அப்படி நடத்துமாறு எவரும் கேட்கவில்லை. 2024இல் தொடங்கிய ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ இயக்கம் கேட்பது, சேவையை நிறுத்தும் நாளில் விளையாட்டை இயங்கும் நிலையில் விட்டுச்செல்லுமாறு மட்டுமே. அதையொட்டிய ஐரோப்பியக் குடிமக்கள் முன்னெடுப்பில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். எதிர்ப்பு வலுத்தபின், ‘தி க்ரூ’வின் அடுத்த இரு விளையாட்டுகளுக்கு இணையமின்றி ஆடும் வழியைத் தருவதாக யூபிசாஃப்டே 2024 செப்டம்பரில் அறிவித்தது. தொழில்நுட்பம் தடையாக இருந்ததில்லை என்பதற்கு அந்த அறிவிப்பே ஒப்புதல் வாக்குமூலம்.

இந்தியாவில் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, விற்பனையும் சேவையும் நின்றபின் பூட்டைத் திறந்துவிடாத படைப்புக்கு 65ஏ பிரிவின் பாதுகாப்பு கிடையாது என்று திருத்த வேண்டும். இரண்டாவது, மின்வடிவமல்லாத பிரதி என்னும் நிபந்தனையை நீக்கி, பூட்டற்ற பிரதி ஒன்றைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்கும் கடமையை விதிக்க வேண்டும். மூன்றாவது, விற்பனையின்போதே உண்மை சொல்லப்பட வேண்டும். 2025 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள கலிபோர்னியச் சட்டம், திரும்பப் பெறத்தக்க உரிமத்தை விற்பவர் அதை வெளிப்படையாக அறிவிக்கப் பணிக்கிறது. தக்க காரணமின்றி ஒருதலையாக ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமையை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தத்தின் அடையாளமாகவே வரையறுக்கிறது. அதைக் கொண்டு ஒரு வழக்கேனும் தொடுக்கச் சட்டக் கல்லூரிகளின் நுகர்வோர் மன்றங்களால் இயலாதா?

விளையாட்டைக் குறித்து இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்கும் பேராசிரியர் தம் நூலகத்தின் மின்னிதழ்ச் சந்தாவை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். சந்தா நின்றால் அணுகல் நிற்கிறது. பல தொகுப்புகளில் பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்களும் கூடவே மறைகின்றன. 2009 ஜூலையில் ஆர்வெல்லின் ‘1984’ நூலை அமேசான் வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து தானாகவே அழித்தது. உரிமமற்ற பதிப்பு என்பது காரணம். பணமும் திருப்பித் தரப்பட்டது. ஆனால், விற்றவரின் கை வாங்கியவரின் அலமாரி வரை நீளும் என்பது அன்று மெய்ப்பட்டது. விளையாட்டில் பழகிய பூட்டுதான் நூலுக்கும் பாடத்துக்கும் வருகிறது. செயற்கை நுண்ணறிவை முன்னிட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்துவது பற்றி இந்தியாவில் இப்போது விவாதம் நடந்துவருகிறது. சட்டத்துறையும் நூலகவியல் துறைகளும் அதே மேசையில் 65ஏ பிரிவையும் வைக்க வேண்டும்.