பாதி ஜன்னலுக்கு முழு விலை

வீட்டைப் புதுப்பிக்கப் போகிறோம் என்று சென்னையில் யார் ஆரம்பித்தாலும், அடுத்து வருவது இப்போது மனப்பாடம்: "மர ஜன்னலையெல்லாம் எடுத்துட்டு யுபிவிசி ஸ்லைடிங் போடுறோம். ஜில்லுனு இருக்கும், சத்தம் வராது, மெயின்டனன்ஸே கிடையாது." விற்பனைக்காரர் சொன்னதை வீட்டுக்காரர் ஒப்பிக்கிறார், கேட்டுவிட்டுப் போன உறவினரும் அடுத்த மாதம் முன்பணம் கட்டுகிறார்.

பத்துக்குப் பன்னிரண்டு அறையை எடுத்துக்கொள்ளுங்கள். 120 சதுர அடி. ஜன்னல் ஐந்துக்கு நான்கு, 20 சதுர அடி. கீலில் ஆடும் பழைய கதவுகளை விரியத் திறந்தால் ஏறக்குறைய முழு இடமும் காற்றுக்கு. இரண்டு கண்ணாடி ஓடும் ஸ்லைடிங்கிலோ, எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒன்று மற்றொன்றின் பின்னால் போய் நிற்கும். பாதி ஜன்னல் எந்நேரமும் அடைப்புதான். 2018-இல் மத்திய அரசு குடியிருப்புகளுக்கென வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' எரிசக்தி விதித்தொகுப்பு இதை எண்ணாகவே எழுதிவைத்திருக்கிறது: கீல் ஜன்னல் 90 சதவீதம் திறக்கும், இரட்டை ஸ்லைடிங் 50 சதவீதம். வெக்கையும் ஈரமும் சேர்ந்த நம் ஊர் மாதிரிப் பகுதிகளில், வீட்டின் தரைப்பரப்பில் 16.66 சதவீதமாவது திறக்கும் இடம் வேண்டும் என்றும் அது சொல்கிறது. அதே விகிதத்தில் நம் அறைக்கு 20 சதுர அடி தேவை. பழைய ஜன்னல் 18 கொடுத்துவிடும். புதியது 10-லேயே நின்றுவிடும். இதற்குத்தான் ஆயிரக்கணக்கில் செலவு.

குளிர்ச்சி என்பது அதைவிடப் பெரிய கதை. யுபிவிசி சட்டம் வெப்பத்தை எளிதில் கடத்தாது, உண்மைதான். ஆனால் ஜன்னலில் சட்டம் எவ்வளவு, கண்ணாடி எவ்வளவு? சாதாரண 5 மில்லிமீட்டர் கண்ணாடி தன்மேல் விழும் வெயிலின் வெப்பத்தில் ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விட்டுவிடும். பிறகு திரைச்சீலை போட்டு என்ன பயன்? வெப்பம் ஏற்கெனவே அறைக்குள் வந்தாயிற்று. கழற்றி எறிந்த மரக்கதவைச் சாத்தினால் வெயில் வெளியிலேயே நின்றிருக்கும். இந்தச் சட்டங்கள் 1950-களில் ஜெர்மனியில் உருவானவை. அறைச் சூடு வெளியே போகாமல் காப்பது அவர்கள் கவலை. நம் கவலை நேர் எதிரானது.

சத்தம் இடுக்கு வழியாக வரும். ஸ்லைடிங்கில் அந்த இடுக்கை மறைப்பது மெல்லிய பிரஷ் பட்டை மட்டுமே. கதவு ஓடவேண்டுமே, இறுக்கி அடைக்க முடியாது. ரப்பர் பட்டையில் அழுந்தி மூடும் கீல் ஜன்னல் இதில் எப்போதும் மேல்.

மெயின்டனன்ஸ் இல்லையாம்! நாலைந்து வருடம் ஓடிய ஸ்லைடிங்கின் அடித்தண்டவாளத்தைக் குனிந்து பாருங்கள். புழுதி, முடி, செத்த கொசு எல்லாம் சேர்ந்து களிமண்போல் இறுகி, தண்ணீர் வெளியேறும் சின்னத் துளைகளை அடைத்திருக்கும். ஐப்பசி மழை சாய்ந்து அடித்தால் தண்டவாளம் நிரம்பி உள்பக்கம் வழியும். சக்கரம் தேய்ந்தால் அதே மாடல் சக்கரத்தைத் தேடி அலைய வேண்டும். மரக்கதவில் கீலோ கொண்டியோ போனால் தெருமுனைக் கடையில் வாங்கிவந்து தச்சர் அரைமணியில் மாட்டிவிடுவார்.

கடலோர வீடுகளில் உப்புக்காற்று இரும்பைத் தின்னும், கரையான் சட்டத்தையே அரித்துவிட்ட வீடுகளும் உண்டு. அங்கே யுபிவிசி போடுங்கள், தடையில்லை. ஆனால் கீல் வைத்ததாகப் போடுங்கள். "கிரில் இருக்கே சார், எப்படித் திறக்கும்?" என்பார்கள். கிரில் உள்பக்கம், கதவு வெளிப்பக்கம். நம் பழைய ஜன்னல்களில் கம்பி எங்கே இருந்தது என்பதைக் கேட்பவரும் சொல்பவரும் மறந்துவிட்டார்கள்.

சட்டம் திடமாக இருக்கிறதா என்று தச்சரைக் கூட்டிவந்து முதலில் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நன்றாக இருந்தால் கீல், கொண்டி, பெயின்ட்டோடு வேலை முடிந்தது. மிச்சப் பணத்தில் மேற்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு மூங்கில் தட்டி கட்டுங்கள். மாற்றியே தீரவேண்டுமென்றால், கொட்டேஷனில் ஜன்னலின் அளவோடு எத்தனை சதுர அடி திறக்கும் என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.