எலும்பு எந்தப் பக்கம் முறிஞ்சுது?

மூன்று மாதம் அந்தக் காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். பெரியப்பாவின் காயச் சான்றிதழ். வரப்புத் தகராறில் ஊர்க்காரர்கள் அவரைத் தடியால் அடித்தார்கள். குடித்துவிட்டு வழுக்கி விழுந்தார் என்று காவல் நிலையத்தில் சொன்னதும் அவர்களே. இவர் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. சான்றிதழில் இருந்தது ஒரே வரி: இடது உல்னாவின் நடுத்தண்டில் முறிவு. நான் எம்.ஏ. படித்தவன், கூட்டங்களில் கிராம்ஷி பேசுகிறவன். உல்னா என்றால் என்னவென்று தெரியாது. வக்கீல் பார்த்துக்குவாருன்னு விட்டுட்டேன்.

எங்க தெருவில் நர்சிங் படிக்கிற தங்கச்சிதான் கேட்டது, "அண்ணே, இதை நீங்க படிச்சீங்களா?" என்னைச் சுவரோரம் நிற்க வைத்தது. நேராக நில்லு, கை தொங்கட்டும், உள்ளங்கை முன்னால் பார்க்கட்டும். மருத்துவத்தில் எந்த உடம்பும் இப்படி நிற்பதாக வைத்துக்கொண்டுதான் பக்கம் சொல்வார்களாம். வலது இடது என்பதும் பார்க்கிறவனுக்கு இல்லை, அந்த உடம்புக்கு. "இப்போ சுண்டுவிரல் எங்க இருக்கு?" உடம்போடு ஒட்டி. "அதுதான் மீடியல். அந்தப் பக்கத்து முழங்கை எலும்பு உல்னா. கட்டைவிரல் பக்கம் லேட்டரல், அங்கே ரேடியஸ்."

இதில் என்ன இருக்கு? எல்லாமே இருக்கு, தோழர்களே. வழுக்கி விழுகிறவன் கையை ஊன்றுவான். அப்போது பெரும்பாலும் முறிவது ரேடியஸ், அதுவும் மணிக்கட்டுக்கு அருகே, அவர்கள் பாஷையில் டிஸ்டல் முனை. தடி இறங்கும்போது தலையைக் காக்க முன்கையைத் தூக்குகிறவனுக்கு அடி விழுவது சுண்டுவிரல் பக்கம். உல்னா நடுவில் முறியும். போலீஸ் தடியின் பெயரால் இதை நைட்ஸ்டிக் முறிவு என்றே மருத்துவப் புத்தகங்கள் சொல்கின்றன. எலும்பு மட்டும் தீர்ப்பு எழுதிவிடாது. எக்ஸ்ரே வேணும், டாக்டர் சாட்சியம் வேணும். ஆனால் எதைக் கேட்பது என்று தெரிந்துவிடுகிறது. பெரியப்பாவிடம் எப்படி அடிச்சாங்கன்னு கேட்டேன். பேசவில்லை. இடது கையை நெற்றிக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

ஆன்டீரியர் முன்புறம், போஸ்டீரியர் பின்புறம். எதிர்த்து வந்தான் என்று அவர்கள் சொல்கிற ஆளுக்கு எல்லாக் காயமும் முதுகில் இருந்தால் நாம் கேட்க வேண்டாமா? லேசரேஷன் என்பது மழுங்கிய பொருளால் கிழிந்தது, இன்சைஸ்டு என்பது கூர்மையானதால் வெட்டுப்பட்டது. புகாரில் அரிவாள் என்று எழுதிக் கொடுத்துச் சான்றிதழில் லேசரேஷன் இருந்தால் குறுக்கு விசாரணையில் நம்மாளைப் பிய்த்துவிடுவார்கள். பல் முறிந்தாலே கொடுங்காயம். 20 நாள் கடும் வலியில் கிடந்தாலும், வேலைக்குப் போக முடியாமல் போனாலும் கொடுங்காயம் என்றது பழைய சட்டம். 2024 ஜூலை முதல் அமலான நியாய சன்ஹிதாவில் அது 15 நாள்.

சுப்பீரியர் என்றால் மேலே, இன்ஃபீரியர் என்றால் கீழே. உடம்பில் அவ்வளவுதான் அர்த்தம்; பாதத்துக்கு இழிவு ஏதும் இல்லை. புருஷ சூக்தத்தை வைத்துப் பிழைத்தவர்களுக்கு இது உறைக்காது.

இவை இங்கிலீஷ்கூட இல்லை, பெரும்பாலும் லத்தீன், கிரேக்கம். தமிழில் முடியாது என்பதும் பொய். 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்ற மிஷனரி டாக்டர் தமிழில் மருத்துவம் கற்பித்தார், பாடநூல்களைத் தமிழாக்கினார். நம்முடைய நிலைமை என்ன? பல பிணவறைகளில் உடலை அறுப்பதும் தைப்பதும் நம்மாள். பக்கம் சொல்லி எழுதுகிற பேனா வேறு கையில். அறுத்தவனுக்கே தான் பார்த்த காயத்தின் பெயர் தெரியக்கூடாதாம்!

வக்கீலிடம் விட்டுவிடுவோம் என்கிற தோழர்களோடு எனக்குச் சண்டை உண்டு. வக்கீல் நல்லவர்தான், அவரிடம் நூறு கட்டு இருக்கு. முதல் நாளே ஆஸ்பத்திரியில் நிற்பது நாம்தான். விட்டுப்போன காயத்தை அங்கேயே எழுதச் சொல்ல நமக்குத்தான் வாய் வேணும்.

அடுத்த மாதம் எங்கள் படிப்பு வட்டத்தில் அந்தத் தங்கச்சி பாடம் எடுக்குது. முதல் வகுப்பு கை எலும்பு. பெரியப்பாவும் வர்றேன்னு சொல்லியிருக்கார்.