எழுபதுக்குக் கீழே நின்ற பிள்ளையை யார் கணக்கெடுப்பது?



புலமைப்பரிசில் பெறுபேறு வந்த நாளிலிருந்து நம்மட ஊர் வட்ஸ்அப் குழுமங்கள் எல்லாம் வாழ்த்தால் நிறைந்திருக்கின்றன. கடைத்தெருவில், பள்ளிவாசல் முன்னால், கலியாண வீட்டில் என்று எங்களைக் காண்கிறவர்கள் எல்லாரும் கேட்கிற ஒரே கேள்வி, "இந்த முறை எத்தனை பாஸ்?"

சித்தியடைந்த பிள்ளைகளுக்கும் அவர்களுடைய உம்மா வாப்பாமாருக்கும் எங்கள் மனமார்ந்த வாழ்த்துக்கள். அந்தப் பிள்ளைகள் கஷ்டப்பட்டுப் படித்தார்கள். அந்தச் சந்தோசம் அவர்களுக்கு உரியது. அதில் ஒரு துளியையும் குறைக்க நாங்கள் வரவில்லை. ஆனால் "எத்தனை பாஸ்" என்ற அந்தக் கேள்வியைப் பற்றி, ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கின்ற நாங்கள் கனநாளாக மனதில் வைத்திருந்ததை இன்றைக்கு எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் வகுப்பில் இருந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறோம். பெயர் வேண்டாம்.

ஒருவர் முதலாம் தரத்துக்கு வரும்போதே எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்து வந்தவர். படித்த குடும்பம். மூன்றாம் தரத்திலிருந்து இரண்டு இடத்தில் டியூஷன். வீட்டில் மேசை, மின்விளக்கு, கடந்தகால வினாத்தாள் கட்டு எல்லாம் இருந்தது. நல்ல பிள்ளை. வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்தார். பாடசாலை மதிலில் தொங்குகிற பெனரில் அவருடைய படம் இருக்கிறது.

மற்றவர் மூன்றாம் தரத்தில் எங்களிடம் வந்தபோது 'க'வையும் 'த'வையும் பிரித்து அறியாதவர். வாப்பா கடலுக்குப் போகிறவர். உம்மா வெளிநாட்டில். உம்மம்மாவின் பொறுப்பில் வளர்ந்தார். காலைக் கூட்டத்துக்கு முன்னர் இருபது நிமிடம் எழுத்து அட்டைகளை வைத்துக்கொண்டு அவருடன் இருந்தோம். சில நாள் வருவார், சில நாள் வரமாட்டார். ஐந்தாம் தரம் முடியும்போது ஒரு கதைப் புத்தகத்தின் பக்கத்தைத் தனியாக வாசித்தார். ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் மிச்சக்காசு எவ்வளவு என்று சொன்னார். புலமைப்பரிசில் பரீட்சையில் 200க்கு 62 எடுத்தார்.

பெறுபேறு வந்த அடுத்த நாள் உம்மம்மா பாடசாலைக்கு வந்தார். "சேர், எங்கட புள்ள பெயிலா?" என்று மெதுவாகக் கேட்டார். நாங்கள் பதில் சொல்வதற்குள், பிள்ளை பெறுபேற்றுத் தாளை வாங்கி, தன்னுடைய பெயரையும் பாடசாலையின் பெயரையும் புள்ளியையும் அவருக்கு வாசித்துக் காட்டினார். உம்மம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது.

அந்தப் பிள்ளை பாடசாலையின் கணக்கில் எங்கே வருகிறார் என்று பாருங்கள். நம்மட பாடசாலைகளை அளப்பதற்குப் பயன்படுகிற எண்கள் இரண்டு. ஒன்று, வெட்டுப்புள்ளிக்கு மேலே எத்தனை பேர். மற்றது, 70 புள்ளிக்கு மேலே எத்தனை வீதம். 62 எடுத்த பிள்ளை இரண்டிலும் இல்லை. ஒரு எழுத்துத் தெரியாமல் வந்து ஒரு பக்கம் வாசிக்கும் அளவுக்கு வந்த பயணத்துக்கு அட்டவணையில் கிடைத்தது பூச்சியம். வரும்போதே வாசிக்கத் தெரிந்து வந்த பிள்ளை வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் அது முழுக்கப் பாடசாலையின் சாதனை. உண்மையில் இந்த இரண்டு பிள்ளைகளில் யாருக்குப் பாடசாலை கூடுதலாகக் கொடுத்தது?

இந்தப் பரீட்சை ஏன் வந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம். ஸீ.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கர அவர்கள் கல்வி அமைச்சராக இருந்த 1940களில், இலவசக் கல்வியோடும் மத்திய மகா வித்தியாலயங்களோடும் சேர்த்துக் கொண்டுவரப்பட்டது இது. கிராமத்தில் பிறந்த ஏழைப் பிள்ளை திறமை இருந்தும் வசதியில்லாமல் நின்றுவிடக் கூடாது, அவருக்கு நல்ல பாடசாலையும் உதவிப்பணமும் கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். அந்தக் கதவால் உள்ளே போய் டாக்டராக, பொறியியலாளராக, நீதிபதியாக வந்தவர்கள் நம் நாட்டில் ஏராளம். அதை நாங்கள் மறுக்கவில்லை.

ஆனால் அது ஆட்களைத் தெரிவு செய்வதற்கான பரீட்சை. இருக்கின்ற இடத்துக்கும் பணத்துக்கும் ஏற்றபடி ஒரு கோடு போட்டு, மேலே உள்ளவர்களை எடுப்பது அதன் வேலை. அதனால்தான் வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிமூலத்துக்கு மொழிமூலம் மாறுகிறது. அண்மைய ஆண்டுகளில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தோற்றுகிறார்கள். கோட்டைத் தாண்டுகிறவர்கள் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர். எல்லாப் பிள்ளைகளும் எவ்வளவுதான் நன்றாகப் படித்தாலும் பெரும்பாலானோர் கோட்டுக்குக் கீழேதான் நிற்க வேண்டும். அப்படி அமைத்த ஒன்றை எடுத்து, "இந்தப் பாடசாலை நல்லது, அந்தப் பாடசாலை கூடாது, இந்த டீச்சர் கெட்டிக்காரி, அந்த சேர் சரியில்லை" என்று தீர்ப்புச் சொல்கிறோம். நெல் அளக்கிற மரைக்காலால் துணி அளந்த மாதிரி.

அதன் விளைவு எங்கள் வகுப்பறைக்குள் தெரிகிறது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறோம். நான்காம் தரம் முடியும்போதே நாங்கள் மனதுக்குள் ஒரு பட்டியல் போட்டுவிடுகிறோம். "இவர்கள் பாஸாவார்கள். இவர்களைக் கொஞ்சம் தள்ளினால் பாஸாவார்கள். மற்றவர்கள் சரிவராது." பின்னேர வகுப்பு முதல் இரண்டு கூட்டத்துக்கு. மூன்றாவது கூட்டம் கடைசி வாங்கில். அவர்களுக்குப் பார்த்து எழுத ஏதாவது கொடுத்துவிட்டு, முன்வரிசைக்கு வினாத்தாள் செய்விக்கிறோம். சித்திரமும் பாட்டும் நாடகமும் நேரசூசியில் இருக்கின்றன, வகுப்பில் இல்லை. மரம் செடியைப் போய்ப் பார்த்துப் படிக்க வேண்டிய சுற்றாடல் பாடம், விடை பாடமாக்குகிற பாடமாகிவிட்டது. பரீட்சைக்குச் சில நாள் முன்னர் டியூஷன் வகுப்புகளையும் மாதிரி வினாத்தாள் விநியோகத்தையும் தடைசெய்து ஒவ்வொரு வருடமும் பரீட்சைத் திணைக்களம் அறிவித்தல் போட வேண்டியிருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைகளின் பரீட்சைக்கு!

2024 செப்டம்பரில் நடந்ததும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முதலாம் வினாத்தாளின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகின. விஷயம் உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. பிள்ளைகளுக்குப் பெறுபேறு கிடைக்க அடுத்த ஆண்டு ஜனவரி ஆகிவிட்டது. வெளியிட்டவர்கள் செய்தது குற்றம்தான். ஆனால் ஒரு எண்ணில் பெரியவர்களின் மானமும் வருமானமும் தொங்கத் தொடங்கினால், அந்த எண்ணைச் சுற்றி இப்படியான காரியங்கள் நடக்கும்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயும் அல்ல. அமெரிக்காவில் 2002இல் ஒரு சட்டம் வந்தது. மூன்றாம் தரம் முதல் எட்டாம் தரம் வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் வருடா வருடம் வாசிப்பிலும் கணிதத்திலும் பரீட்சை, குறித்த மட்டத்தைத் தொடாத பாடசாலைகளுக்கு நடவடிக்கை. நோக்கம் நல்லது. ஏழைப் பிள்ளைகளை யாரும் மறைத்துவிடக் கூடாது என்பதுதான். ஆனால் அட்லாண்டா நகரில் என்ன நடந்தது? பிள்ளைகளின் விடைத்தாள்களை ஆசிரியர்களே திருத்தி எழுதியதாக 2011இல் வெளியான அரச விசாரணை சொன்னது. 44 பாடசாலைகளில் 178 பேர் சம்பந்தப்பட்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் தாளில் முன்னேறினார்கள், வாசிப்பில் முன்னேறவில்லை. பிறகு அங்கேயும், எத்தனை பேர் கோட்டைத் தாண்டினார்கள் என்பதோடு, ஒவ்வொரு பிள்ளையும் சென்ற வருடத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்தார் என்பதையும் பல மாநிலங்கள் கணக்கில் எடுக்கத் தொடங்கின.

"அப்படியென்றால் பரீட்சையை நிறுத்தச் சொல்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. நல்ல பாடசாலைகள் எல்லா ஊரிலும் இல்லாதவரைக்கும் ஏழைப் பிள்ளைக்கு இருக்கின்ற ஒரு கதவை மூடச் சொல்ல எங்களுக்கு மனம் வராது. தெரிவு செய்வதற்கு அந்தப் பரீட்சை இருக்கட்டும். பாடசாலையை அளப்பதற்கு வேறு அளவுகோல் வேண்டும் என்கிறோம்.

அந்த அளவுகோல் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் இல்லை. முதலாம் தரத்துக்கு வரும் பிள்ளைகளை இனங்காணும் வேலைத்திட்டம் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையும் எங்கிருந்து தொடங்குகிறார் என்று அதில் பதிவாகிறது. ஆரம்பப் பிரிவின் முதன்மை நிலைகள் ஒவ்வொன்றின் முடிவிலும் பிள்ளை அடைய வேண்டிய அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள் இருக்கின்றன. கலாசாலையில் இவற்றையெல்லாம் எங்களுக்கு விரிவாகப் படிப்பித்தார்கள். நாடு முழுவதும் கல்வி மட்டம் எப்படி இருக்கிறது என்று அறிய, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேசிய கல்வி ஆராய்ச்சி மதிப்பீட்டு நிலையம் மாதிரிக்குச் சில பாடசாலைகளைத் தெரிவுசெய்து மதிப்பீடு நடத்தியிருக்கிறது. அதில் பிள்ளையின் படம் பெனரில் வராது, யாரும் அழமாட்டார்கள், டியூஷன் காரருக்கும் வேலை இல்லை. இவையெல்லாம் இருந்தும் பதிவேட்டில் புள்ளடி போட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். ஏனென்றால் அவற்றைப் பற்றி எங்களிடம் யாரும் கேட்பதில்லை. மேலே உள்ளவர்களும் கேட்பதில்லை, ஊரும் கேட்பதில்லை.

ஆகவே உறவுகளே, உங்களிடம் மூன்று விஷயம் கேட்கிறோம்.

ஒன்று, அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் "எத்தனை பாஸ்" என்று கேட்பதற்கு முன்னர், "மூன்றாம் தரத்தில் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் எத்தனை பேர்? போன வருடம் எத்தனை பேர் இருந்தார்கள்?" என்று கேளுங்கள். எங்களுக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். கேளுங்கள். ஊர் எதைக் கேட்கிறதோ அதற்குத்தான் பாடசாலையும் பதில் தேடும்.

இரண்டு, பெனருக்கும் பரிசளிப்புக்கும் செலவழிக்கின்ற பணத்தில் ஒரு பங்கை வாசிப்புக்கு ஒதுக்குங்கள். பழைய மாணவர் சங்கங்களும் வெளிநாட்டில் உள்ள சகோதரர்களும் நினைத்தால், ஒவ்வொரு ஆரம்பப் பிரிவு வகுப்புக்கும் ஒரு புத்தக அலுமாரி பெரிய காரியமில்லை. பின்னேரத்தில் ஒரு மணித்தியாலம் பின்தங்கிய பிள்ளைகளோடு உட்கார ஏ.எல். முடித்துவிட்டு வீட்டில் இருக்கின்ற தங்கைமார் முன்வந்தால், பழக்கிக் கொடுக்க நாங்கள் இருக்கிறோம்.

மூன்று, வீட்டில் பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிடாமல், போன வருடத்து அதே பிள்ளையோடு ஒப்பிடுங்கள். பெரியப்பாவின் மகன் 160 எடுத்தது உங்கள் மகனின் பிழை அல்ல.

எங்கள் பக்கத்துக்கும் ஒரு வாக்குறுதி உண்டு. அந்த மூன்றாவது கூட்டத்தை இனிக் கடைசி வாங்கில் விடுவதில்லை என்று எங்களுக்குள் பேசி முடிவெடுத்திருக்கிறோம். தவணைக்கு ஒரு முறை ஒவ்வொரு பிள்ளையையும் தனியே வாசிக்க வைத்து, எங்கே இருந்தார், எங்கே வந்திருக்கிறார் என்று பெற்றோருக்கு எழுதிக் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ். நாங்கள் தவறினால் எங்களை வீதியில் மறித்துக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

62 எடுத்த அந்தப் பிள்ளை இப்போது ஆறாம் தரத்தில். போன கிழமை கடையடியில் கண்டோம். சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸ் ஒன்றை நின்று வாசித்துக்கொண்டிருந்தார்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். நாங்கள் வாசிப்போம், பதிலும் எழுதுவோம். பிள்ளைகளின் பெயரை மட்டும் எழுத வேண்டாம்.

வஸ்ஸலாம்.