வாக்குத்தத்த அட்டையில் வராத வசனங்கள்

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் தமிழ்க் கிறிஸ்தவ ஆலயங்கள் பலவற்றில் ஒரு தட்டு வரும். அதில் சிறு அட்டைகள் கவிழ்ந்து கிடக்கும். ஆளுக்கொன்று எடுத்துக்கொள்வார்கள். அதில் அச்சாகியிருக்கும் வேத வசனம்தான் அவருக்கு அந்த ஆண்டின் வாக்குத்தத்தம். பீரோ கதவிலோ பர்ஸிலோ அடுத்த டிசம்பர் வரை அது இருக்கும். நாசரேத், நாகர்கோவில் பக்கத்துப் பழக்கம் என்றாலும் தமிழர் பிழைக்கப் போன ஊர்களுக்கெல்லாம் கூடவே போயிருக்கிறது. ஆசீர்வாதம், பெருக்கம், நோயிலிருந்து விடுதலை, பகைவர் விலகுவது, இவைதாம் அட்டைகளில் இருக்கும். உள்ளதையெல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வா என்று இயேசு ஒரு பணக்கார இளைஞனிடம் சொன்னாரே, அதை அட்டையில் அச்சிட எந்த அச்சகத்துக்கும் துணிவு வராது. அந்த அட்டையை எடுத்தவர் தட்டில் திருப்பிப் போட்டுவிட்டு வேறொன்றைக் கேட்பார்.

நமக்குப் பிடித்த வசனத்தை நாமே எடுத்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்துக்கு நேர் எதிரானது திருவழிபாட்டு ஆண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், மக்களுக்கு விவிலியத்தின் செல்வத்தை இன்னும் தாராளமாகத் திறந்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. 1969-இல் புதிய வாசக அட்டவணை வந்தது. ஞாயிறு நற்செய்திகள் மூன்று ஆண்டுச் சுற்றில் அமைந்தன: முதல் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. யோவானுக்குத் தனி ஆண்டு இல்லை. தவக்காலத்திலும் பாஸ்கா காலத்திலும் இடையிடையே வருவார். இந்த முறையைத் தழுவிப் புராட்டஸ்டன்ட் சபைகள் பலவும் 1992-இல் ஒரு பொது அட்டவணையை வெளியிட்டன. 2025 நவம்பர் 30-இல் தொடங்கியது மத்தேயுவின் ஆண்டு. எந்த ஞாயிற்றுக்கு எந்தப் பகுதி என்பதைப் பங்குத்தந்தையோ பங்குப் பேரவையோ தீர்மானிப்பதில்லை. புனேயின் கோர்படியில் வாசிக்கப்படும் அதே பகுதிதான் அன்று வேளாங்கண்ணியிலும் யாழ்ப்பாணத்திலும் டொரன்டோவிலும் வாசிக்கப்படும். நாம் தேர்ந்தெடுக்காத வாசகம் நம்மைத் தேடி வருகிறது என்பதே இந்த ஏற்பாட்டின் பெருமை. ஆனால் வந்த வாசகத்தை அன்றாட வாழ்வில் பொருத்துகிற வேலையை மறையுரையாளரிடம் மொத்தமாக ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். அந்த வேலை பீடத்துக்குக் கீழே இருப்பவர்களுடையது.

இதைப் பேசுவதற்குக் கோர்படி பொருத்தமான இடம். ஒரு பக்கம் ரயில் பாதைகளும் டீசல் லோகோ ஷெட்டும். மறுபக்கம் ராணுவக் குடியிருப்புகள். எம்பிரஸ் கார்டனுக்கு அருகே நிற்கும் பேராலயம் அயர்லாந்தின் புனித பேட்ரிக் பெயரைத் தாங்குவதற்குக் காரணம், 1850-இல் அது பிரிட்டிஷ் படையிலிருந்த ஐரிஷ் வீரர்களுக்காக எழுந்தது என்பதுதான். படையோடும் ரயில்வேயோடும் வந்து தங்கிய மதராஸ் மாகாணத்துக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் இன்று இங்கே இருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஊருக்கென்றே எழுதியதைப் போன்ற ஒரு பகுதி, லூக்கா ஆண்டின் திருவருகைக்கால மூன்றாம் ஞாயிறன்று வருகிறது. திருமுழுக்கு யோவானிடம் மக்கள் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லவில்லை. இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவருக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்பது பொதுமக்களுக்கு. குறித்த அளவுக்கு மேல் வசூலிக்காதீர்கள் என்பது வரி தண்டுவோருக்கு. மிரட்டிப் பணம் பறிக்காதீர்கள், சம்பளம் போதும் என்றிருங்கள் என்பது படைவீரருக்கு. ரோமைப் பேரரசு ஒழிக என்றோ, வேலையை விட்டுவிட்டு வாருங்கள் என்றோ அவர் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவரவர் தொழிலில் எந்த இடத்தில் கை நீளும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ராணுவக் கேன்டீனில் சலுகை விலையில் வாங்கிய பாட்டிலை வெளியே கூடுதல் விலைக்குத் தள்ளிவிடுவது, ரசீது எழுதாமல் பயணியிடம் அபராதம் வாங்கிக்கொள்வது, தொழிலாளியின் சம்பளத்தில் பி.எஃப். பிடித்துவிட்டு அதைக் கட்டாமல் இருப்பது, இவற்றையெல்லாம் மறையுரையில் சொல்லும் அளவுக்கு எந்தக் குருவுக்கும் தொழில் விவரம் தெரியாது. ஷெட்டில் வேலை செய்பவருக்குத் தெரியும். ஆகவே கேள்வியை அவர்தான் கொண்டுவர வேண்டும்.

இப்படிச் செய்தால் நற்செய்தி வெறும் நன்னடத்தைக் கையேடாகிவிடும், உவமைகள் விண்ணரசைப் பற்றியவை, கூலி நிர்ணயத்தைப் பற்றியவை அல்ல என்று இறையியல் படித்தவர்கள் சொல்வார்கள். இது எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை. 2026 செப்டம்பர் 20 அன்று வரும் மத்தேயு 20-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். திராட்சைத் தோட்டத்து உரிமையாளர் விடிகாலையில் ஆள் எடுக்கிறார். ஒன்பது மணிக்கும், நண்பகலிலும், பிற்பகல் மூன்றுக்கும் எடுக்கிறார். மாலை ஐந்து மணிக்கும் எடுக்கிறார். எல்லோருக்கும் ஒரே கூலி. கடவுளின் அருள் உழைப்பைக் கணக்கிட்டு வருவதில்லை என்பதே உவமையின் மையம், சரி. ஆனால் அதைச் சொல்ல இயேசு எடுத்த காட்சி எங்கிருந்து வந்தது? புனேயில் ‘மஜூர் அட்டா’ என்று அழைக்கப்படும் தெருமுனைகளில் காலை எட்டு மணிக்கு நிற்பவர்களைப் பாருங்கள். கொத்து வேலைக்கும் சுமை தூக்கவும் ஆள் தேடி வருபவர்கள் இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு போவார்கள். பதினொரு மணிக்கு மேல் அங்கே மிஞ்சி நிற்பவர்கள் வயதானவர்கள், பெண்கள், உடல் நலிந்தவர்கள். ஐந்து மணி வரை நின்றவர் சோம்பேறி இல்லை, அவரை யாரும் கூப்பிடவில்லை என்பதை உவமையே சொல்கிறது. அவருக்கும் வீட்டில் எரிய வேண்டிய அடுப்பு ஒரு முழு அடுப்புதான், கால் அடுப்பு இல்லை. அருளைப் பற்றிய பாடம் இந்தப் பசியின் மேல்தான் நிற்கிறது. பசியை எடுத்துவிட்டால் பாடமும் விழுந்துவிடும்.

இந்த உவமையை ஒரு பொருளாதாரக் கேள்வியாக முதலில் படித்தவன் நானில்லை. ஜான் ரஸ்கின் 1860-இல் எழுதிய நான்கு கட்டுரைகளுக்கு இந்த உவமையிலிருந்தே ‘அன் டு திஸ் லாஸ்ட்’ என்று பெயர் வைத்தார். 1904-இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பன் போகும் ரயிலில் காந்தி அதைப் படித்தார். வக்கீலின் உழைப்புக்கும் நாவிதரின் உழைப்புக்கும் மதிப்பு ஒன்றே என்ற முடிவுக்கு வந்து, அதே ஆண்டில் ஃபீனிக்ஸ் பண்ணையைத் தொடங்கினார். 1908-இல் ரஸ்கினின் நூலைக் குஜராத்தியில் சுருக்கி எழுதி ‘சர்வோதயம்’ என்று பெயரிட்டார். பின்னாளில் புனேயின் எரவாடா சிறையில் ஆண்டுக்கணக்கில் இருந்த மனிதரின் பொருளாதாரச் சிந்தனைக்குள் ஒரு ஞாயிறு வாசகம் இருந்திருக்கிறது. கிறிஸ்தவரல்லாத ஒருவர் அதை அவ்வளவு தூரம் கொண்டுபோக முடிந்தபோது, அதை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எழுந்து நின்று கேட்கிற ஒரு பங்கு, தன் கோயில்பிள்ளைக்கு மாதம் என்ன கொடுக்கிறது, தன் பள்ளியைக் கூட்டுகிற ஒப்பந்தப் பெண்களுக்கு என்ன கொடுக்கிறது என்றாவது கேட்டுப் பார்க்கலாம். திருச்சபை பிரசங்கிக்கும் இடம் மட்டுமில்லை, பெரிய முதலாளியும்கூட.

இன்னொரு மறுப்பு நாட்காட்டியைப் பற்றியது. பனிக்கால இருளில் கிறிஸ்து பிறப்பும் வசந்தத்தில் உயிர்ப்பும் வடக்கத்திய பருவங்களுக்கு ஏற்ற வரிசை. ஆடிக்கும் ஐப்பசிக்கும் அதில் இடமில்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் தவக்காலம் இங்கே கோடையின் வாசலில் வருவதால், ஐரோப்பாவில் கிடைக்காத ஒன்று நமக்குக் கிடைக்கிறது. மத்தேயு ஆண்டில் தவக்கால மூன்றாம் ஞாயிற்றின் வாசகம், கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்பது. 2026-இல் அது மார்ச் 8. புனேயின் ஓரங்களில் தண்ணீர் லாரி ஓடத் தொடங்கும் மாதம். யூதரும் சமாரியரும் ஒரே பாத்திரத்தில் புழங்காத காலத்தில், தாகத்தோடிருந்த யூதர் ஒருவர் அவள் குடத்துத் தண்ணீரைக் கேட்கிறார். ஜோதிராவ் புலே 1868-இல் தன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குத் திறந்துவிட்டது இந்த ஊரில்தான். மகாட் சவ்தார் குளத்தில் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தது 1927 மார்ச் 20. தவக்காலத்தில் இந்தத் தேதியை நினைவுகூராமல் இந்த வாசகத்தைக் கேட்கும் மகாராஷ்டிரத்துக் கிறிஸ்தவர் பாதி வாசகத்தைத்தான் கேட்கிறார். தமிழர்க்கோ சொந்தக் கணக்கே இருக்கிறது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்து, கால்சட்டையின் இரு கால்களைப் போல ஒரு கோயிலையே கட்டினார்கள். நடுவிலிருந்த தடுப்பு 1910-இல் இடிக்கப்பட்டபோது, மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் அதைத் திரும்பக் கேட்டு நீதிமன்றம் போனார்கள், தோற்றார்கள். சாதி ரயிலேறி வராது என்று நினைப்பவர் புனேத் தமிழர் வீடுகளில் பெண் பார்க்கும் பேச்சு எடுக்கும்போது உடனிருந்து கேட்கட்டும். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் கிறிஸ்தவர் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை அறிக்கையை வெளியிட 2016 வரை ஆகியிருக்கிறது.

அட்டவணையைப் பின்பற்றாத பெந்தெகொஸ்தே சபையார் வேறொரு குறை சொல்வார்கள்: ரோமில் யாரோ வெட்டிக் கொடுத்த துண்டுகளை ஏன் வாசிக்க வேண்டும், ஆவியானவர் அந்த வாரம் காட்டும் பகுதியைப் பேசினால் ஆகாதா? வெட்டியிருப்பது உண்மை. உயிர்ப்பு ஞாயிறு பகலில் வாசிக்கப்படும் யோவான் நற்செய்திப் பகுதி, மகதலா மரியாவை உயிர்த்த இயேசு சந்திப்பதற்குச் சற்று முன்பே நின்றுவிடுகிறது. அந்தச் சந்திப்பு செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. அன்று கோயிலுக்கு எத்தனை பேர் போவார்கள்? உயிர்ப்பை முதலில் அறிவித்த பெண்ணுக்கு ஞாயிற்றில் இடமில்லாமல் போனது சின்னக் குறையில்லை. திருத்தப்பட வேண்டியதுதான். ஆனாலும் போதகர் வாரந்தோறும் தானே தேர்ந்தெடுக்கும்போது நடப்பது என்ன? சில ஆண்டுகளில் அவருக்குப் பிடித்த நாற்பது பகுதிகளில் விவிலியம் சுருங்கிவிடுகிறது. வாக்குத்தத்த அட்டையின் மனம் மேடையேறிவிடுகிறது. குறையுள்ள அட்டவணையாவது நமக்குக் கசக்கும் பகுதியை மூன்று ஆண்டுக்குள் ஒருமுறை கொண்டுவந்து நிறுத்தும்.

மறையுரை நன்றாக இருந்தால் போதாதா என்பார்கள் சிலர். திருத்தந்தை பிரான்சிஸ் 2013-இல் ‘நற்செய்தியின் மகிழ்ச்சி’ மடலில் மறையுரைக்கென்றே நீண்ட பகுதி ஒதுக்கினார். 2024 ஜூனில், எட்டு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது, மக்கள் தூங்கிவிடுகிறார்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார். எட்டு நிமிடத்தில் ஒரு ஷெட், ஒரு பாரக், ஒரு மருத்துவமனை, ஒரு மென்பொருள் அலுவலகம் அத்தனைக்கும் பதில் சொல்ல யாராலும் ஆகாது. வாசகம் எது என்பது ஓராண்டுக்கு முன்பே தெரியும். வார நடுவே, பங்கின் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் அதை வாசித்து, அவரவர் வேலையில் இது எங்கே இடிக்கிறது என்று பேசிவிட்டு ஞாயிறன்று போனால், மறையுரை தொடக்கமாக இல்லாமல் தொடர்ச்சியாக இருக்கும். தமிழைக் காதால் கேட்டுப் புரிந்துகொண்டு கண்ணால் படிக்கத் தெரியாத இளைய தலைமுறைக்கும் இப்படி வாய்விட்டுப் பேசும் இடம்தான் தேவை.

ஒரு மதத்தவரின் உள்விவகாரம் பொதுப் பத்திரிகைக்கு எதற்கு என்று கேட்பவர் 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவைப் பார்க்கலாம். விபத்தில் அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பவரை வழக்கில் இழுக்கக் கூடாது என்று சொல்லும் அந்தப் பிரிவு, அவரை ‘நல்ல சமாரியர்’ என்றே குறிக்கிறது. உச்ச நீதிமன்றம் 2016-லேயே இதற்கான வழிகாட்டு நெறிகளுக்குச் சட்ட வலு தந்திருந்தது. சோலாப்பூர் சாலையில் விழுந்து கிடப்பவரைத் தூக்கும் எந்த மதத்தவரையும் இன்று அந்தச் சமாரியரின் உவமை வரும் லூக்காவின் பத்தாம் அதிகாரத்தின் பெயரால் நாட்டின் சட்டம் காக்கிறது. அந்த அதிகாரத்தை வீட்டில் வைத்திருப்பவர்கள் வண்டியை நிறுத்தாமல் போவது எப்படிப் பொது விஷயம் ஆகாமல் இருக்கும்?

மத்தேயு ஆண்டு 2026 நவம்பர் 22-இல் கிறிஸ்து அரசர் விழாவோடு அதன் கடைசி ஞாயிற்றை அடைகிறது. அன்றைய வாசகம் இறுதித் தீர்ப்பு: பசித்தவர், தாகமுற்றவர், அன்னியர், ஆடையற்றவர், நோயாளி, சிறையிலிருப்பவர். மற்றவற்றுக்குத் தொண்டு நிறுவனங்கள் இருக்கின்றன. அன்னியர் என்ற இடத்தில்தான் மராட்டியத் தமிழர்க்குக் கொஞ்சம் தடுமாற வேண்டியிருக்கும். 1966-இல் பம்பாயில் சிவசேனா தொடங்கியபோது வெளியேறச் சொல்லப்பட்டவர்கள் ‘மதராஸிகள்’. அந்தச் சொல்லின் கசப்பு அறிந்த குடும்பங்களில் சில இன்று வீட்டு உரிமையாளர்கள். ஜார்கண்டிலிருந்தும் சத்தீஸ்கரிலிருந்தும் வேலை தேடி வருபவர்கள் அவர்களிடம் அறை கேட்கிறார்கள்; அப்படிக் கேட்பவர்களில் பலர் அதே திருப்பலியில் பின்வரிசையில் நிற்பவர்கள். நவம்பர் 22-க்கு முந்தைய அன்பியக் கூட்டத்தில் இரண்டே கேள்விகளை வைத்துப் பார்க்கலாம்: அறை காலியாக இருந்தும் இல்லை என்று யாரிடம் சொன்னோம்? கொடுத்தவரிடம் எத்தனை மாத முன்பணம் வாங்கினோம்?