முதல் பக்கத்தில் இடம் பிடிப்பது யார்?

ரயில் டிக்கெட்டை ரத்து செய்த தொழிலாளி ஒருவர், பணம் திரும்ப வராததால், வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கைப்பேசியில் தேடுகிறார். பட்டியலின் உச்சியில் ஓர் எண் வருகிறது. மறுமுனையில் பேசுபவன் மோசடிக்காரன். ஓ.டி.பி.யைச் சொன்ன மறு நிமிடம், ஊருக்கு அனுப்ப வைத்திருந்த பணம் போய்விடுகிறது. முதலில் வந்தது சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையே இதற்குக் காரணம். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டா?

ஓட்டுக் கணக்கு

கேள்வி வந்த பிறகு தேடுபொறி உலகெங்கும் ஓடித் தேடுவதில்லை. இணையப் பக்கங்களை முன்கூட்டியே திரட்டி, எந்தச் சொல் எங்கே உள்ளது என்று அட்டவணை போட்டு வைத்திருக்கிறது. சிக்கல் வரிசைப்படுத்துவதில்தான். ஒரு பக்கத்துக்குப் பிற பக்கங்கள் தரும் இணைப்பை ஓட்டாகக் கொள்ளலாம் என்ற முறையை, ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்களான லாரி பேஜும் செர்ஜி பிரினும் உருவாக்கினர். செல்வாக்குள்ள பக்கத்தின் ஓட்டுக்கு மதிப்பு அதிகம். இன்று தேடுபவரின் இடம், மொழி, செய்தியின் புதுமை முதலியனவும் கணக்கில் சேர்கின்றன. ஆனால் ஓட்டு என்பது செல்வாக்கை அளக்குமே தவிர, உண்மைக்குச் சான்றாகாது.

இவ்வரிசைக்கும் மேலே அமர்வது பெரும்பாலும் விளம்பரம். ஒவ்வொரு தேடலின்போதும் அந்த இடத்துக்கு ஏலம் நடக்கிறது. கேட்கும் தொகையுடன் விளம்பரத்தின் தரமும் பார்க்கப்படும். சாதாரண வரிசையில் பணம் கொடுத்து இடம் வாங்க முடியாது என்கிறது கூகுள். எனினும் விளம்பரம் என்ற சிறு எழுத்தைக் கவனிப்பவர் எத்தனை பேர்? விளம்பர வருவாயை நம்பும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கமே சாயும் என்று 1998-ல் எழுதியவர்களும் இதே பேஜும் பிரினும்தான்!

இந்திய வழக்கு

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் மேட்ரிமோனி நிறுவனமும், ஜெய்ப்பூரின் கட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பும் 2012-ல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் முறையிட்டன. 2018 பிப்ரவரியில் ஆணையம் கூகுளுக்கு ரூ.135.86 கோடி அபராதம் விதித்தது. விமானப் பயணம் பற்றித் தேடுவோருக்குத் தன் சொந்தச் சேவையையே கூகுள் முன்னிறுத்தியது என்பது முக்கியக் குற்றச்சாட்டு. 2010-க்கு முன் சிலவகை முடிவுகளுக்கு 1, 4, 10 ஆகிய இடங்கள் முன்னரே ஒதுக்கப்பட்டிருந்ததும் வெளிவந்தது. ஆயினும் எல்லாப் புகார்களையும் ஆணையம் ஏற்கவில்லை. கூகுளும் மேல்முறையீடு செய்தது.

தேடல் சந்தையில் ஏகபோகத்தைக் காக்கக் கூகுள் சட்டத்தை மீறியது என்று அமெரிக்க நீதிமன்றமும் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2021-ல் மட்டும், கைப்பேசிகளிலும் உலாவிகளிலும் முதல் தேர்வாக இருப்பதற்காக அந்நிறுவனம் 2,630 கோடி டாலர் கொடுத்தது விசாரணையில் தெரியவந்தது.

வழக்குகள் முடியக் காலம் பிடிக்கும். அதுவரை விழிப்புத்தான் துணை. வங்கி எண்ணை வங்கி அட்டையின் பின்புறத்திலும், ரயில்வே எண்ணை டிக்கெட்டிலும் பார்ப்பதே நல்லது. ஏமாந்துவிட்டால் தயங்காமல் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும். முதல் இடம் நாணயத்துக்கு அத்தாட்சி அல்ல.