கம்பெனி செட்டைக் கழட்டாதீங்க சாமி!

போன மாசம் அரியலூர் போயிருந்தப்ப அக்கா பையன் திடீர்னு ஒரு அறிவிப்பு விட்டான். "மாமா, தாத்தா கார்ல இருக்குற அந்தப் பழைய செட்டைத் தூக்கிப் போட்டுட்டு ஆண்ட்ராய்டு செட் மாட்டிடலாம். நானே காசு தரேன்." முதல் சம்பளம் வாங்கின பையன், ஆசையாத்தான் சொல்றான். அப்பா ஒண்ணும் சொல்லலை. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே இருந்தாரு. அவர் அப்படித் துடைச்சா "வேண்டாம்"னு அர்த்தம். நாப்பது வருஷமா எனக்குத் தெரிஞ்ச பாஷை.

அந்தக் கார்ல கம்பெனியே மாட்டிக் கொடுத்த செட் இருக்கு. ஒரு கேசட் வாய், ஒரு எஃப்.எம்., ரெண்டு குமிழ். அவ்வளவுதான். ஆக்ஸ் கிடையாது, யு.எஸ்.பி. கிடையாது, புளூடூத்துன்னா அதுக்கு என்னன்னே தெரியாது. அப்போ போன்ல இருக்குற பாட்டை எப்படிக் கேக்குறது? இன்னிக்குப் பேரன் கேக்குற இதே கேள்வியை நான் 2008-ல ஐபாட் வாங்கினப்பவே கேட்டாச்சு. பதில் இன்னும் மாறலை: செட்டை மாத்தாதே, செட்டுக்கு ஏத்த மாதிரி இணைப்பை மாத்து.

மூணு வழி இருக்கு மக்களே.

ஒண்ணு, எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர். சிகரெட் லைட்டர் ஓட்டையில சொருகினா, நம்ம பாட்டைக் குட்டி ரேடியோ ஸ்டேஷன் மாதிரி காருக்குள்ளயே ஒலிபரப்பும். 87.5-லேர்ந்து 108 வரைக்கும் எங்க காலியா இருக்கோ அங்க வச்சுக்கணும். பெரம்பலூர்ல காலியா இடம் பிடிக்கிறது ஈஸி. ஆனா திருச்சிப் பக்கம் போனா வேற கதை. பாடாலூர் தாண்டி சமயபுரம் நெருங்க நெருங்க, 102.1 ரெயின்போவும் மத்த தனியார் ஸ்டேஷன்களும் பலமாயிடும். நம்ம ராஜா பாட்டு மேல எவனோ நகைக்கடை விளம்பரம் ஏறி உக்காந்துக்கும். ஓட்டிக்கிட்டே அலைவரிசை மாத்தணும். அதான் இதுல எனக்குப் பிடிக்காத விஷயம்.

ரெண்டு, ஆக்ஸ் வயர். செட்ல ஓட்டை இருந்தா இதை அடிச்சுக்க ஆளில்லை. ஒரே தொல்லை, பாட்டுக்குப் பின்னாடி "ஙொய்ங்"னு ஒரு சத்தம், ஆக்ஸிலேட்டர் மிதிச்சா அதுவும் கூடும். ஸ்பீக்கர் போச்சுன்னு பயந்துடாதீங்க. பிளேயருக்கு லைட்டர் ஓட்டையிலேர்ந்தே சார்ஜும் போட்டுக்கிட்டு, ஆக்ஸும் குத்தினா, ரெண்டு வழியா எர்த் போய் ஆல்டர்னேட்டர் சத்தம் உள்ளே வந்துடும். சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்க, பெரும்பாலும் நின்னுடும். சார்ஜும் வேணும்னா கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்னு ஒரு சின்ன டப்பா கிடைக்குது, நடுவுல போட்டுக்கலாம்.

மூணாவது, என் செல்லம், கேசட் அடாப்டர். கேசட் மாதிரியே இருக்கும், ஓரத்துல ஒரு வயர் வால். உள்ளே டேப் கிடையாது, ஒரு காந்தத் தலை மட்டும். பிளேயர்லேர்ந்து வர்ற மின்சாரத்துக்கு ஏத்தபடி அது காந்தப்புலத்தை மாத்தும். செட்ல இருக்குற தலை அதை டேப்னு நம்பிப் பாடும். டேப் ஓடுற மாதிரி ஏமாத்த உள்ளே பல்சக்கரம் வேற. யோசிச்சவன் நல்லா இருக்கணும். பிளேயர்ல சத்தத்தை முக்கால்வாசி வச்சுட்டு மீதியை செட்ல ஏத்திக்கணும். பிளேயர்ல முழுசா ஏத்தினா கரகரன்னு உடையும்.

"இத்தனை கஷ்டம் எதுக்கு மாமா?"ங்குறான் பையன். அதுக்குத்தான் மச்சான் கதையைச் சொன்னேன்.

மச்சான் ஒரு கடையில பெரிய டச் செட் மாட்டினாரு. எந்த ஊரு, எந்தக் கடைன்னு கேக்காதீங்க. வண்டிக்கு ஏத்த கப்ளர் வாங்கி சொருகுறதுக்குப் பதிலா, கம்பெனி பிளக்கை வெட்டி, வயரை முறுக்கி, டேப் சுத்திட்டாங்க. செட்டுக்குப் பின்னாடி மஞ்சள் வயர்னா எப்பவும் பேட்டரி, சிவப்புன்னா சாவி திருப்பினா மட்டும். அந்த ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்துட்டாங்க போல. சாவி எடுத்தாலும் செட் தூங்கவே இல்லை. மூணாம் நாள் விடியக்காலை, அத்தையை டயாலிசிஸுக்குத் திருச்சி கூட்டிட்டுப் போகணும். சாவி போட்டா "டிக்"... அவ்வளவுதான். பேட்டரி காலி. மழை வேற. நான்கு ரோடுலேர்ந்து டாக்ஸி பிடிச்சுப் போறதுக்குள்ள ஒண்ணரை மணி நேரம் லேட். அத்தை ஒரு வார்த்தை திட்டலை. அதான் இன்னும் உறுத்துது.

சரி, எல்லாக் கடையும் அப்படியா? இல்லை. பின்னாடி பாக்குற கேமரா வேணும், மேப் வேணும்னா தாராளமா மாத்துங்க. ஆனா ஒரு வயரைக்கூட வெட்டக் கூடாதுன்னு முதல்லயே சொல்லுங்க, கப்ளர் இருக்கான்னு கேளுங்க, கழட்டின செட்டை வீட்டுக்கு வாங்கிட்டு வாங்க. வெறும் பாட்டுக்காக மாத்துறதைத்தான் நான் வேண்டாங்குறேன்.

ஏன்னா விஷயம் பாட்டு மட்டும் இல்லை. பெரம்பலூர் - அரியலூர் ரோட்டுல ஓட்டிப் பாத்திருக்கீங்களா? சிமெண்ட் லாரி, சுண்ணாம்புக்கல் டிப்பர், பேரளி பக்கம் மக்காச்சோளம் ஏத்தின டிராக்டர், அதுலயும் பாதிக்குப் பின்னாடி லைட்டே இருக்காது. அந்த ரோட்டுல எழுபத்துநாலு வயசு மனுஷன் கண்ணாடித் திரையில எங்க தொடணும்னு தேடக்கூடாது. இப்போ அவர் கட்டைவிரலுக்கு அந்தக் குமிழ் எங்க இருக்குன்னு தெரியும். கண்ணு ரோட்டை விட்டு நகராது. போன் இணைச்சா நடுவுல கால் வேற வரும். அதுக்காகவே நான் என் பழைய ஐபாடைத்தான் இன்னும் கார்ல வச்சிருக்கேன். 2022-லயே ஐபாட் தயாரிப்பை மொத்தமா நிறுத்திட்டாங்க. ஆனா கிளம்புறதுக்கு முன்னாடி மூணு மணி நேரப் பட்டியலைப் போட்டுவிட்டா அது யாரையும் கூப்பிடாது.

அப்புறம் இன்னொண்ணு. அப்பாகிட்ட அறுபது கேசட் இருக்கு. ரெக்கார்டிங் சென்டர்ல பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்துப் பதிஞ்சது. அட்டையில அம்மா கையெழுத்து. அம்மா போய் ஆறு வருஷமாச்சு. வீட்டு டேப்ரிக்கார்டர் எப்பவோ செத்துப்போச்சு. அதெல்லாம் பாடுற ஒரே இடம் அந்தக் கார்தான்.

இதைச் சொன்னதும் பையன் கொஞ்ச நேரம் பேசலை. அந்த வாரமே அடாப்டர் வாங்கிட்டு வந்துட்டான். போகும்போது அவன் பாட்டு, திரும்பும்போது தாத்தா கேசட்னு ஒப்பந்தம். கண்ணாடி துடைக்கிறது நின்னுடுச்சு.

பி.கு: பழைய கேசட் செட் வச்சிருக்கவங்க, காது குடையுற பஞ்சுக் குச்சியில ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு உள்ளே இருக்குற தலையை மெதுவாத் துடைங்க. செட்டை அணைச்சுட்டு செய்யுங்க, நல்லாக் காய்ஞ்சப்புறம் கேசட் போடுங்க. பாதி மங்கல் சத்தம் அதுலயே சரியாயிடும்.