மூடுபனிக்கு மேல் ஒரு படலம்

போன ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை, ஏழு வயது மகளையும் ஏற்றிக்கொண்டு ஸ்காபரோ பிளஃப்ஸுக்குப் போனேன். பிறிம்லி வீதியால் ஏரிப்பக்கம் இறங்கும்போதே முன்னால் போகும் காரின் சிவப்பு லைட் மட்டும்தான் தெரிந்தது. வசந்தத்தில் இது இங்கே புதினமில்லை. ஒன்ராறியோ ஏரித் தண்ணீர் அப்போதும் நாலைந்து பாகையில்தான் கிடக்கும். தெற்கிலிருந்து வரும் இளஞ்சூட்டு ஈரக்காற்று அதன்மேல் பட்டதும் குளிர்ந்து மூடுபனியாகிவிடும். 90 மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் அந்த மண்மேடுகள் கண்ணுக்கு முன்னால் கரைந்து போயிருந்தன. ஆசை தீர நாற்பது படம் எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து கணினியில் போட்டால் எல்லாம் சப்பென்று இருந்தது.

"அப்பா, இதில ஒண்டுமே இல்லையே?" என்றாள் மகள்.

அவள் சொன்னது சரிதான். மூடுபனியில் கறுப்பும் இல்லை, பளிச்சென்ற வெள்ளையும் இல்லை; எல்லாம் நடுவில் உள்ள சாம்பலுக்குள் நெருங்கிக் கிடக்கும். அங்கே நின்றபோது முகத்தில் பட்ட ஈரத்தையும் குளிரையும் கமெரா எடுக்காது. அந்தத் தொடுகையைக் கொஞ்சமாவது திருப்பிக் கொடுக்கத்தான் ரெக்ஸ்ச்சர் படலம் போடுவது. பழைய கடதாசி, சீமெந்துத் தரை, துணி என்று ஏதோ ஒன்றின் படத்தை நம் படத்துக்கு மேல் இன்னொரு லேயராக வைத்துக் கலப்பது. இது ஏமாற்று வேலையோ என்று யோசிக்க வேண்டாம். 1850களிலேயே பிரான்ஸில் குஸ்தாவ் லு கிறே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு இன்னொன்று என்று இரண்டைச் சேர்த்து ஒரே படமாக அச்சிட்டவர்.

எனக்கு இது பிடித்ததற்கு இன்னொரு காரணம், உள்ளே இருப்பது வெறும் பெருக்கல் கணக்கு. கறுப்பை 0 என்றும் வெள்ளையை 1 என்றும் வையுங்கள். பனியின் வெளிச்சம் 0.8, மேலே வைத்த கடதாசி 0.9 என்றால், 'மல்டிப்ளை' முறையில் வருவது 0.72. எப்போதும் இருளும். 'ஸ்கிறீன்' அதற்கு நேர்மாறு, எப்போதும் வெளிறும். 'சொஃப்ட் லைட்' நடுச் சாம்பலைத் தொடாது. அதைவிட இருண்ட இடத்தை இருட்டாக்கி, வெளிச்சமான இடத்தை வெளிச்சமாக்கும். பனிப் படத்துக்கு முதலில் இதைத்தான் போட்டுப் பாருங்கள்.

ஒரு நல்ல படலம் தேடினேன். மேசை லாச்சிக்குள் அப்பம்மாவின் படம் இருந்தது. அதன் பின்பக்கம் மஞ்சளேறி, ஓரங்களில் அலை அலையாக ஈரக்கறை. இதைவிட என்ன வேண்டும்? ஸ்கான் பண்ணி, நிறத்தை எடுத்துவிட்டு, பிளஃப்ஸ் படத்தின்மேல் 30 வீதத்தில் வைத்தேன். பனி அப்படியே உயிர்பெற்று நின்றது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த அப்பாவுக்குப் பெருமையோடு காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார். கறைக்குள் மெல்லிசாக ஒரு பேனா எழுத்தின் வால் தெரிந்திருக்கிறது; நான் கவனிக்கவில்லை.

"இது அம்மான்ர படத்தின்ர பின்பக்கமெல்லே?"

"ஓம் அப்பா. வடிவா இருக்கெல்லே?"

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தம்பி, அது 95 ஒக்ரோபரில உங்கட மாமி யாழ்ப்பாணத்தில இருந்து வெளிக்கிட்டு வரேக்க நனைஞ்ச மழை. வடிவுக்குப் போடுற சாமானில்லை" என்றார்.

1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வு பற்றி எனக்குத் தெரியாமலில்லை. லட்சக்கணக்கான சனம் இரவோடிரவாக மழையில் நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்த கதையைக் கேட்டுத்தானே வளர்ந்தோம். ஆனால் அந்த மழை என் லாச்சிக்குள் இருந்தது என்று எனக்கு உறைக்கவில்லை. பல வருடமாக அப்பா கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "அந்தப் படத்தை ஒருக்கால் துப்புரவாக்கித் தாவன்." நேரமில்லை என்று தள்ளிப்போட்ட நானே, அந்தக் கறையை அலங்காரத்துக்கு எடுக்க மட்டும் நேரம் கண்டிருக்கிறேன்.

அன்றிரவே அதை அழித்தேன். பிறகு படத்தின் முன்பக்கத்தை ஸ்கான் பண்ணி உட்கார்ந்தேன். அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் போதும். மஞ்சளேறிய கடதாசியின் நிறத்தை ஒரு லேயராக நிரப்பி 'டிவைட்' முறையில் வைத்தால், 0.72-ஐ 0.9-ஆல் வகுத்து மீண்டும் 0.8 வரும். மஞ்சள் பெருமளவு போய்விட்டது. ஈரம் படத்தையே தின்றுவிட்ட இடங்களில் கணக்கு உதவாது. அந்த இடங்களைப் பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஒட்டினேன். இடது காதுப் பக்கத்தில் ஒன்றுமே மிஞ்சியிருக்கவில்லை. அதைக் கற்பனையால் நிரப்பவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். மூல ஸ்கானையும் தனியாகச் சேமித்தேன்.

பிளஃப்ஸ் படத்துக்கு வேறு படலத்தை மகள்தான் கண்டுபிடித்தாள். குளிர்காலம் முழுக்க ரோட்டில் கொட்டிய உப்பு எங்கள் கறுப்புக் காரின் கதவில் வெள்ளைக் கோடாகக் காய்ந்திருந்தது. அதைப் போனில் எடுத்து 'ஸ்கிறீன்' முறையில் 20 வீதம் வைத்தோம். ரொறன்ரோவின் பனிக்கு ரொறன்ரோவின் உப்பு.

நீங்களும் பிள்ளைகளோடு செய்து பார்க்க, நான் பட்டுத் தெரிந்த சில விசயங்கள்:

பனியை எடுக்கும்போது வெளிச்சத்தை ஒரு ஸ்டொப் அளவு கூட்டுங்கள். இல்லாவிட்டால் கமெரா அதை அழுக்குச் சாம்பலாக்கிவிடும். படலத்தின் நிறத்தை முதலில் நீக்குங்கள். மரம், மனிதர் போன்ற முக்கியமான பொருளின்மேல் மாஸ்க் போட்டுப் படலத்தை அழியுங்கள். முகத்தில் சீமெந்து இருந்தால் வடிவில்லை. தூரத்துப் பனியில் படலத்தைச் சற்று மங்கலாக்குங்கள். அங்கே கூர்மையான கீறல் தெரிந்தால் பனி பொய்யாகிவிடும். பார்த்தவுடன் படலம் கண்ணில் பட்டால் அது கூடிப்போச்சு, பாதியாகக் குறையுங்கள். கணினியில் 'கிம்ப்' இலவசம். போனில் என்றால் 'ஸ்னாப்சீட்'டில் இரண்டு படங்களை ஒன்றின்மேல் ஒன்று வைக்கும் வசதி இருக்கிறது.

கடைசியாக ஒன்று. வீட்டில் பழைய பொருளைப் படலமாக எடுக்கமுதல், அந்தக் கறை எப்படி வந்தது என்று பெரியாக்களிடம் ஒருக்கால் கேளுங்கள். பிள்ளைகளும் பக்கத்தில் இருக்கட்டும்.

அப்பம்மாவின் படம் இப்போது அப்பா வீட்டுச் சாமியறைக்குப் பக்கத்தில் தொங்குகிறது. காதுப் பக்க வெற்றிடத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மாமிக்கு ஒரு பிரதி வேண்டும் என்று மட்டும் கேட்டார்.